கடைசிப் பத்து நிமிஷம்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முனக ஆரம்பிக்கிறது. உன் இருமல் நின்றதா? நான் அனுப்பிய மருந்தைக் குடித்தாயா, இல்லை ஜன்னலில் வைத்து அழகு பார்க்கிறாயா? மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவளின் தம்பி இருமிக்கொண்டு அலைந்தால் எனக்குத்தான் கெட்ட பெயர்.

போனில் பேசினால் "ம்", "சரி", "பாக்கலாம்" என்று மூன்று வார்த்தையில் என்னை அனுப்பிவிடுகிறாய். அதனால்தான் காகிதம் எடுத்தேன். எழுதினாலாவது உன்னிடமிருந்து நாலு வரி பெயரும்.

விஷயம் இதுதான். வீட்டுக்காரர் வீட்டை விற்கிறார். ஆகஸ்ட் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். கட்டில், பீரோவை மாமா பார்த்துக்கொள்வார். நம் தங்கையின் அலமாரிதான் என்னை மிரட்டுகிறது. இருநூறு புத்தகத்துக்கு மேல் இருக்கும், புது வீட்டில் பாதிக்குத்தான் இடம். எது இருக்கட்டும், எது போகட்டும் என்று நான் ஒருத்தி மட்டும் முடிவெடுக்க மாட்டேன். நீ வர வேண்டும். அவள் போய் வருகிற ஜூனோடு இரண்டு வருஷம். நீ இந்த வாசலை மிதித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

கடையில் கூட்டமில்லாத மதியங்களில் அவள் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கிறேன். இந்த வாரம் மூன்று கல்யாணம் நடக்கிற நாவல். முதல் கல்யாணத்துக்கே நூற்றிருபது பக்கம், நம் வீட்டுக் கல்யாணமே அதைவிடச் சீக்கிரம் முடிந்தது. ஆனால் மாப்பிள்ளையின் அத்தை என்று ஒருத்தி வருகிறாள். நாலு இடத்தில்தான் வாயைத் திறக்கிறாள், அவளுக்காகவே படிக்கலாம். வழக்கம்போலக் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு சீட்டு செருகியிருந்தது, தங்கை வேலை பார்த்த பல் டாக்டர் கிளினிக் சீட்டு. அதுவரை பக்கங்கள் கசங்கியிருந்தன. அதற்கப்புறம் புதுசு மாறாமல் மொடமொடவென்று இருந்தன.

அம்மாவுக்கு இன்றைக்கும் அதே பேச்சு. "அன்னிக்கு அவ தனியா சினிமாவுக்குப் போகாம இருந்திருந்தா, தியேட்டர் வாசல்ல அந்த வேன் அவ மேல வந்திருக்குமா?" நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

எப்போது வருகிறாய் என்று எழுது.

உன் அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இருமல் போய்விட்டது. உன் மருந்தால்தான் போனது என்று எழுதிவிடுகிறேன், உனக்கும் சந்தோஷமாக இருக்கும். அம்மாவை மாடி ஏற விடாதே. மாமாவுக்கு என் வணக்கம்.

இங்கே என் அறை ஒரு அச்சகத்துக்கு மேலே. கீழே மெஷின் ஓடினால் மேஜைமேல் டம்ளர் தானாக நகர்ந்து ஓரத்துக்கு வந்து நிற்கும். விழும் விழும் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன், விழாது. வேலை பரவாயில்லை. போன வாரம் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே லிப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு கணக்காளர். கதவைத் திறந்து ஏழாவது மாடியில் இறக்கியதும் நன்றி சொல்வார் என்று பார்த்தால், "எட்டாவது மாடிக்குத்தானே போகணும், மேல ஏத்தியிருக்கலாமே" என்றார்.

ஞாயிறு மதியம் ஒரு பேய்ப் படம் பார்த்தேன். பேயாக வந்த பெண் நன்றாக நடித்தாள். வீட்டு ஆட்கள்தான் பேயறைந்த மாதிரி நின்றார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் அக்கா. அந்தப் பேய் யாரையும் பயமுறுத்துவதில்லை, கதவைச் சாத்துவதில்லை, கத்துவதில்லை. சாப்பிடும் நேரத்துக்கு வந்து தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறாள். அவ்வளவுதான். என்னை அதுதான் உலுக்கிவிட்டது. ஒரு வாரமாக நாற்காலி என்றாலே ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

வருவதைப் பற்றி: ஆள் குறைவு, லீவு தர மாட்டார்கள். புத்தகங்களை நீயே பார்த்துச் செய். உன் இஷ்டம் எதுவோ அதுவே என் இஷ்டம்.

தம்பி


பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

சுகம், சுகம். அம்மா மாடி ஏறுவதில்லை, கீழே நின்றுகொண்டு எங்களை ஏற்றி இறக்குகிறாள்.

சரி, பேய் கடைசியில் என்ன ஆனாள்? எழுந்து போனாளா, உட்கார்ந்தே இருந்தாளா? ஒரு பக்கம் எழுதிவிட்டு முடிவைச் சொல்லாமல் விட்டிருக்கிறாய். தீபாவளிப் பட்டாசு மாதிரி திரியைக் கொளுத்திவிட்டு ஓடுகிறாயே. போன வருஷம் போனில் கப்பல் படம் ஒன்று சொன்னாய், அதற்கும் முடிவில்லை. வீட்டுக்கு ஒரு முக்கால் போதாதா?

அந்தப் பெயரை எழுதி எத்தனை நாளாயிற்று. வைத்தது நீதான். முக்கால் படம் பார்க்கிறவள், முக்கால் புத்தகம் படிக்கிறவள், அதனால் முக்கால். படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது எழுந்துவிடுவாள். "எல்லாரும் அழுதுட்டு இருக்கும்போது லைட்டப் போட்டுடுவாங்க, எனக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்பாள். போகும்போது உன் காதில் தன் முடிவைச் சொல்லிவிட்டு, எதிரே கண்ணாடிக்கடை வாசலில் போய் நிற்பாள். நீ நிஜ முடிவைப் பார்த்து வந்து சொல்வாய். எத்தனை படம், எத்தனை வருஷம், ஒரு தடவையாவது அவள் சொன்னது சரியாக இருந்ததா? இருந்தும் "என் முடிவுதான் நல்லாருக்கு" என்று வீடுவரை சண்டை பிடித்துக்கொண்டு வருவாள். நீங்கள் இரண்டு பேரும் தெருமுனையில் வரும்போதே படம் நல்ல படமா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இந்த மாதம் ஒரு துப்பறியும் நாவல். கொலை நன்றாக இருக்கிறது, துப்பறிகிறவர்தான் சாப்பாட்டுப் பிரியர், ஒவ்வொரு சாட்சி வீட்டிலும் சாப்பிட்டுவிட்டுத்தான் கேள்வி கேட்கிறார். நான் கடைசி அத்தியாயத்தையும் படித்துவிட்டேன். கொன்றது யார் என்று தெரியாமலே அவள் எப்படி மூடி வைத்தாளோ.

இன்னொன்று. நான் படித்து முடித்த புத்தகங்களிலிருந்து அடையாளச் சீட்டுகளை எடுத்து ஒரு டப்பாவில் போட்டேன். மறுநாள் பார்த்தால் எல்லாம் திரும்பப் புத்தகத்துக்குள். மடிப்புத் தடத்தைப் பார்த்து அதே பக்கத்தில். நேற்று அம்மாவைக் கையும் களவுமாகப் பிடித்தேன். "அவ அங்கதான நிறுத்தி வெச்சிருக்கா. நீ ஏன் எடுக்கற?" என்றாள். ஒரு பழைய சட்டையையே தூக்கிப் போடாதவள் அம்மா, இதையா போடுவாள்? அதற்குப் பிறகு நான் எடுப்பதில்லை.

நீ வா. என் இஷ்டம் என்று தள்ளிவிடாதே.

அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் கேட்டு சந்தோஷம். பதில் தாமதம்தான், திட்டாதே.

பேய் என்ன ஆனாள் என்று கேட்டாய். பார்த்தால்தானே சொல்வதற்கு. இங்கே வந்ததிலிருந்து நான் ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை.

போன ஞாயிறு பார்த்தது சிரிப்புப் படம். இரண்டு நண்பர்கள் பழைய பஸ் ஒன்றை வாங்கி வீடாக்குகிறார்கள். ஜன்னலோர இருக்கை யாருக்கு என்றே அரைப் படம் ஓடுகிறது. நீ பார்த்தால் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாய். நானும் சிரித்தேன், அந்த இடம் வரும்வரை.

அக்கா, நான் இரண்டு டிக்கெட் எடுக்கிறேன். டிக்கெட் கொடுக்கிற அம்மாவுக்குப் பழகிவிட்டது, "இன்னிக்கும் அவங்க வரலையா?" என்று கேட்கிறாள். எனக்கு நடைவழி ஓரத்து இருக்கை, பக்கத்தில் உள் இருக்கை. அது மடங்கிக்கொள்ளும் இருக்கை, ஆள் எழுந்தால் தானாக மேலே போய்விடும். அதனால் என் ஸ்பானர் பையை அதன்மேல் வைப்பேன். பதினொரு கிலோ, இருக்கை அசையாது.

படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது "டப்"பென்று சத்தம் கேட்கிறது. திரும்பினால் இருக்கை மேலே மடங்கி நிற்கிறது. பை என் மடியில் இருக்கிறது. நான் எடுத்த ஞாபகம் இல்லை. முழங்காலில் துணி உரசிப் போன மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் இப்படித்தான். ஸ்பிரிங் கோளாறு என்று முதலில் நினைத்தேன். எனக்கு ஸ்பிரிங் தெரியும் அக்கா. ஒரு நாள் விளக்குப் போட்டதும் திரும்ப உள்ளே போய்ப் பார்த்தேன், கோளாறே இல்லை.

சத்தம் கேட்டதும் நானும் எழுந்து வெளியே வந்துவிடுகிறேன். வாசலில் யாரும் இருப்பதில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அறைக்கு வருவேன்.

இதையெல்லாம் அம்மாவிடம் படித்துக் காட்டாதே.

தம்பி


மார்ச் 15

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். தலைவலி மாத்திரை கேட்டவருக்கு வயிற்றுவலி மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டேன். நல்லவேளை, அவர் படித்துப் பார்க்கிறவர்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? மறைக்காமல் எழுது. இரண்டாவது டிக்கெட் யாருக்கு என்று நான் கேட்கப் போவதில்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்டவும் இல்லை.

நம் பழைய தியேட்டரில் மதியக் காட்சிக்கு அந்தத் தையல்காரர் படத்தை மறுபடி போட்டிருக்கிறார்கள். முக்கால் அன்று போன படம். சுவரில் போஸ்டரைப் பார்த்து, அந்தத் தெருவையே விட்டுச் சுற்றிப் போனேன். அப்புறம் யோசித்தேன். அவள் கடைசியாகப் பார்த்த படம், அதில் என்னதான் இருந்தது என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

நீ அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாயா? பார்த்திருந்தால் முடிவு என்ன என்று எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா


மார்ச் 28

அக்காவுக்கு,

நலம். அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. அன்று நான் வேலையில் இருந்தேன் என்பது உனக்கே தெரியும்.

இங்கே வேலை அதிகம். அம்மாவைப் பார்த்துக்கொள்.

தம்பி


மே 21

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருப்பாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன். ஏப்ரலில் இரண்டு கடிதம் போட்டேன், இது மூன்றாவது. உன் ஆபீசுக்குப் போன் போட்டேன். வேலைக்கு ஒழுங்காக வருகிறான் என்றார்கள். உயிரோடு இருக்கிறாய் என்று அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.

மாமாவைக் கூட்டிக்கொண்டு தையல்காரர் படத்துக்குப் போனேன். மாமா ஐந்தாவது நிமிஷம் தூங்கிவிட்டார். நல்ல படம் தம்பி. சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகனுக்கு அந்த மனுஷர் வருஷத்துக்கு ஒரு சட்டை தைக்கிறார். இப்போது இவ்வளவு வளர்ந்திருப்பான் என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு அங்குலம் கூட்டி வெட்டுகிறார். எட்டாவது சட்டைக்குப் பட்டன் வைக்கும்போது கைக்குட்டையை எடுத்தேன். அப்போது மணி பார்த்தேன். இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

என்னால் உட்கார முடியவில்லை. மாமாவை எழுப்பி வெளியே வந்துவிட்டேன். அவள் பார்க்காததை நான் பார்த்து என்ன செய்ய. அவளுக்கு முடிவு சொல்வது என் வேலையாக என்றைக்கும் இருந்ததில்லை.

அம்மா நேற்று உன் சட்டையைத் துவைத்து மடித்து வைத்தாள், நீ விட்டுப் போன நீலச் சட்டை. மாதம் ஒரு தடவை துவைக்கிறாள்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


ஜூன் 16

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை. நேற்றுமுன்தினம் ஜூன் 14. அன்று முழுக்க லிப்ட் குழியில் இருந்தேன், மேலே ஏறி வரவே பிடிக்கவில்லை.

நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். அவளோடு பார்த்தேன். அவள் தனியாகப் போகவில்லை.

அன்று ஒரு வேலை சீக்கிரம் முடிந்தது. அவளுக்குப் போன் போட்டுவிட்டு யூனிபார்மோடு நேராகத் தியேட்டருக்குப் போனேன், அவள் டிக்கெட்டோடு நின்றாள். பத்து நிமிஷம் இருக்கும்போது வழக்கம்போல எழுந்தாள். அன்றைக்கு மட்டும் என் கையைப் பிடித்து இழுத்தாள். "தலை வலிக்குது. இன்னிக்கு நீயும் வாயேன்" என்றாள். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ போய் நில்லு, முடிவு பாத்துட்டு வர்றேன்" என்றேன். அவள் குனிந்து காதில் தன் முடிவைச் சொன்னாள். என் முழங்காலை உரசிக்கொண்டு போனாள். இருக்கை டப்பென்று மடங்கியது.

கொஞ்ச நேரத்தில் பிரேக் சத்தம் ஒன்று உள்ளேவரை கேட்டது. படத்துச் சத்தம் என்று நினைத்தேன் என்று எனக்கு நானே இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொள்கிறேன். திரையில் அப்போது வண்டியே இல்லை அக்கா. தையல் மெஷின்தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்தது. இருந்தும் எழவில்லை. முடிவைப் பார்த்தேன்.

வெளியே வந்தபோது கண்ணாடிக்கடை முன்னால் கூட்டம். அவளைக் கொண்டுபோய்விட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாமல் இரண்டு இடம் அலைந்துவிட்டு வந்து சேர்ந்தேன். நீங்கள் எனக்கு முன்னால் வந்திருந்தீர்கள். யூனிபார்மைப் பார்த்ததும் அம்மா, "வேலைய விட்டுட்டு ஓடி வர்றியாடா, இவ தனியா ஏன்டா போனா?" என்று கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அன்று திறக்காத வாயை அப்புறம் திறக்க முடியாமல் போய்விட்டது. மூன்று மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

படிக்கட்டில் என்னைப் பார்த்து அம்மா அந்தக் கேள்வியை மறுபடி கேட்பாள். அதனால்தான் வரவில்லை. லீவு எப்போதும் இருக்கிறது.

அவள் காதில் சொன்னதை எழுத எனக்குக் கை வரவில்லை.

தம்பி


ஜூன் 25

தம்பி,

எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் அவள் கைப்பையை என்னிடம்தான் கொடுத்தார்கள். உள்ளே அவள் படித்துக்கொண்டிருந்த புத்தகம் இருந்தது. அடையாளத்துக்குச் செருகியிருந்தது அன்றைய சினிமா டிக்கெட். இரண்டு, ஒட்டினாற்போல. ஜி பதினொன்று, ஜி பன்னிரண்டு. அந்த வாரமே பார்த்துவிட்டேன். இன்றுவரை அம்மாவிடமோ மாமாவிடமோ சொல்லவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இல்லை என்று எழுதினால் அது பொய். பத்து நிமிஷம்தானே, எழுந்து போயிருக்கலாமே என்று ஒரு வருஷம் மனதுக்குள் உன்னைத் திட்டினேன். கேட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை போனை எடுத்தேன். கேட்டால் நீயும் இல்லாமல் போய்விடுவாயோ என்று பயந்து, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்தேன். அப்புறம்தான் புத்தகம், சினிமா என்று எழுத ஆரம்பித்தேன். முடிவு என்ன, முடிவு என்ன என்று உன்னைக் குடைந்தது அதற்குத்தான்.

இப்போது கோபம் இல்லை. வருத்தம் இருக்கிறது, அது இருக்கட்டும். நீ எழுந்து போயிருந்தால் அவள் இருந்திருப்பாளா, இரண்டு பேரும் போயிருப்பீர்களா, எனக்குத் தெரியாது. அவள் நூறு தடவை தனியாகப் போய் அந்தக் கண்ணாடிக்கடை முன்னால் நின்றிருக்கிறாள். நாம் எல்லோரும் சிரித்துக்கொண்டு அனுப்பியவர்கள்தான்.

அம்மாவிடம் நான் சொல்ல மாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது. அவள் அழுவாள், ஒரு அடி வைத்தாலும் வைப்பாள், வாங்கிக்கொள். முக்கால் தனியாகப் போனாள் என்பதுதான் அம்மாவை அதிகமாக அரிக்கிறது. பக்கத்தில் நீ இருந்தாய் என்று தெரிந்தால் அவளுக்கு அது என்ன செய்யும் என்று நமக்கு எப்படித் தெரியும்?

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவளுக்கு நீ முடிவு சொல்வதாகச் சொல்லி அனுப்பினாய். இன்னும் சொல்லவில்லை. அதனால்தான் ஒவ்வொரு படத்துக்கும் வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறாள் என்று எனக்குப் படுகிறது. எனக்கு எழுத வேண்டாம். அவளுக்கு எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூலை 7

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உண்மையாகவே நலம், நான்கு நாளாகத் தூங்குகிறேன். சனிக்கிழமை மதிய ரயிலில் வருகிறேன், பத்து நாள் லீவு. அம்மாவிடம் நான் வருகிறேன் என்று மட்டும் சொல், மற்றதை நான் சொல்கிறேன். புத்தகம் எதையும் போட வேண்டாம், பாதியை நான் இங்கே கொண்டுவருகிறேன். சீட்டுகள் அந்தந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

நீ சொன்னபடி எழுதியிருக்கிறேன். இதோடு வைத்திருக்கிறேன். நான் வருவதற்குள் படித்துவிடு, பிறகு அவள் கடைசியாகப் படித்த புத்தகத்தில், அந்த டிக்கெட் இருக்கிற பக்கத்தில் வை.

தம்பி


முக்கால்,

எப்படி இருக்கிறாய் என்று எந்த வாயால் கேட்பது. தலைவலி விட்டதா என்று மட்டும் கேட்கிறேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

நீ எழுந்து போனதும் தையல்காரர் எட்டாவது சட்டையை முடித்து இஸ்திரி போட்டார். வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. தியேட்டரே நிமிர்ந்து உட்கார்ந்தது, மகன்தான் என்று என் பின்னால் ஒருவர் சத்தமாகவே சொன்னார். தண்ணீர் கேன் போடுகிறவன். காலி கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்புறம் வெகுநேரம் யாரும் வரவில்லை. தையல்காரர் கண்ணாடி முன்னால் போய் நின்றார். தன் சட்டையைக் கழற்றினார். மகன் சட்டையைப் போட்டுக்கொண்டார். கை நீளமாக இருந்தது, ஒரு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டார். மெஷினில் உட்கார்ந்து யாரோ கொடுத்த துணியைத் தைக்க ஆரம்பித்தார். விளக்குப் போட்டுவிட்டார்கள்.

"பையன் வரமாட்டான். சட்டைய அவரே போட்டுக்குவாரு, பாரு" என்று காதில் சொல்லிவிட்டுப் போனாயே.

அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நீ சொன்னதுதான் முடிவு. நான் இருக்கையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். இனி வீடுவரை இவளைப் பிடிக்க முடியாது என்று நினைத்தேன். எழுந்து ஓடி வந்தது அதைச் சொல்லத்தான். ஜெயிச்சுட்டே.

அண்ணன்